உழைப்புக்கு உருவம் தந்த சிற்பி

மலை சூழ்ந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. செஞ்சியில் எந்தத் தெருவில் நின்று தலையை நிமிர்த்தினாலும் கோட்டை கண்ணில் படும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் இணைக்கும் மதிலைப் பற்றியும், தேசிங்கு ராஜனின் வீரத்தைப் பற்றியும் கதை கேளாமல் வளர்ந்த குழந்தை எங்கள் ஊரில் இல்லை. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டபோது எங்கள் வகுப்பே துள்ளிக் குதித்தது.

அந்த மகிழ்ச்சியோடு நாங்கள் எல்லோரும் கோட்டைக்குச் சென்றோம். ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். மூச்சிரைக்கப் படியேறி, உச்சியில் இருக்கும் பீரங்கியையும் களஞ்சியத்தையும் கண்டு, காற்று வாங்கி, இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்தோம். கீழே கல்யாண மகாலின் அருகே எங்கள் தோழி ஒருத்தி தன் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தாள். அவளைச் சுற்றி எங்களுடைய முப்பத்திரண்டு பைகள் இருந்தன. சிறு வயது முதலே அவளுக்குக் கால்கள் நடக்க வரவில்லை. மலையுச்சியில் கண்டதையெல்லாம் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். அவள் புன்னகையோடு கேட்டுக்கொண்டே ஒவ்வொருத்தியின் பையையும் தவறாமல் எடுத்துக் கொடுத்தாள்.

வீடு திரும்பும் வழியில்தான் எங்களுக்கு உறைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து எத்தனையோ சுற்றுலா சென்றிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அவள் பை காப்பவளாகவே இருந்திருக்கிறாள். அவள் ஒரு நாளும் குறை சொல்லாததால் நாங்களும் அதைக் குறையென்று எண்ணவில்லை. அன்றிரவு எங்களில் பலருக்கு உறக்கம் வரவில்லை என்பதை மறுநாள் பேசும்போது அறிந்தோம்.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு எங்கள் வகுப்பாசிரியை ஒரு நிபந்தனை விதித்தார்கள். மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்து, அவர் விட்டுச் சென்றவற்றை நேரில் பார்த்து வந்து, ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். நாங்கள் எங்களுக்குள்ளே இன்னொரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டோம். இம்முறை எங்கள் தோழி வழிகாட்டியாக வர வேண்டும். ஆகவே எவருடைய படைப்புகள் தரைமீது, திறந்த வெளியில், படியேறாமல் காணக் கிடைக்கின்றனவோ அவரையே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தோம்.

அவரைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். அவளுடைய பாட்டி 2016ஆம் ஆண்டு செல்லாமற்போன பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நினைவாகப் பெட்டியில் வைத்திருந்தார். அதன் பின்புறத்தில் காந்தியடிகள் தடியூன்றி முன்னே செல்ல, மற்றவர்கள் அவரைப் பின்தொடரும் தண்டி யாத்திரைக் காட்சி அச்சிடப்பட்டிருந்தது. அதை வகுப்பில் காட்டியபோது, இது புதுதில்லியில் உள்ள சிற்பத் தொகுதியைத் தழுவிய படம் என்றும், அதைப் படைத்தவர் நம் சென்னையில் 28 ஆண்டுகள் பணியாற்றியவர் என்றும் ஆசிரியை கூறினார்கள். அவரே சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

பிறப்பும் இளமையும்

தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1899ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் ரங்கபூர்ப் பகுதியிலுள்ள தாஜ்ஹாட்டில் பிறந்தார். அன்று பிரிக்கப்படாத வங்காளத்தில் இருந்த அவ்வூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. அவருடையது ஜமீன் குடும்பம். நினைத்திருந்தால் நிலபுலன்களின் வருமானத்தில் உட்கார்ந்து உண்டிருக்கலாம். ஆனால் அவர் மனம் தூரிகையையும் களிமண்ணையுமே நாடியது.

ஓவியத்தை அவர் அபனீந்திரநாத் தாகூரிடம் கற்றார். மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் உறவினரான அபனீந்திரநாத், மேனாட்டு ஓவியத்தைப் பார்த்து எழுதுவதை விடுத்து நம் நாட்டு மரபில் வரைய வேண்டும் என்று ஓர் இயக்கத்தையே தோற்றுவித்தவர். அத்தகைய ஆசானிடம் பயின்ற ராய் சௌத்ரி முதலில் ஓவியராகவே புகழ் பெற்றார். ஆயினும் சிற்பத்தில் அவர் வேறொரு வழியில் சென்றார். மனித உடலின் எலும்பும் தசையும் நரம்பும் உள்ளது உள்ளவாறு தெரியும்படி வடிக்கும் மேனாட்டு முறையை அவர் கைக்கொண்டார்.

இம்முறையில் உலகப் புகழ் பெற்றவர் பிரான்சு நாட்டுச் சிற்பி ரோடின். அவர் 1840இல் பிறந்து 1917இல் மறைந்தார். தம் படைப்புகள் அனைத்தையும் அவர் நாட்டுக்கே கொடுத்துவிட, 1919இல் பாரிசு நகரில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் தோட்டத்தில் செடிகொடிகளுக்கு நடுவே சிற்பங்கள் நிற்கின்றன. ரோடினின் தாக்கத்தை ராய் சௌத்ரியின் சிற்பங்களில் காணலாம் என்று கலை வல்லுநர்கள் கூறுவர். ராய் சௌத்ரிக்கு அப்படித் தனியாக ஒரு தோட்டம் அமையவில்லை. பொதுமக்கள் உலவும் கடற்கரையும் நாற்சந்தியுமே அவருடைய சிற்பத் தோட்டம் ஆயின.

அவர் ஓவியரும் சிற்பியும் மட்டும் அல்லர். மல்யுத்தம் பயின்றவர். வேட்டையில் விருப்பம் உடையவர். புல்லாங்குழல் வாசிப்பார். வங்க மொழியில் சிறுகதைகள் எழுதினார். இத்தனையும் ஒரே மனிதரிடம் அமைந்திருந்தன என்பதை அறிந்து வியந்தோம். மற்போர் வீரர் ஆனதால்தான் தசையின் முறுக்கத்தை அவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் போலும் என்று எங்கள் தோழி சொன்னாள். அது சரியென்றே எங்களுக்கும் பட்டது.

சென்னை வருகை

சென்னை எழும்பூரை அடுத்துள்ள கலைப் பள்ளி 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவரால் தொடங்கப்பட்டது. இந்தியாவிலேயே மிகப் பழைமையான கலைப் பள்ளிகளுள் அது ஒன்று. அதன் தலைமைப் பொறுப்பில் ஆங்கிலேயர்களே இருந்து வந்தார்கள். 1929ஆம் ஆண்டு அப்பொறுப்பு முதன்முறையாக ஓர் இந்தியருக்குக் கிடைத்தது. அவர்தாம் ராய் சௌத்ரி. அப்போது அவருக்கு வயது முப்பதுதான். நாடு விடுதலை பெறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கலைப் பள்ளியின் தலைமை இந்தியரிடம் வந்தது சிறு செய்தி அன்று.

மொழி தெரியாத ஊருக்கு வந்த அவர் 1957ஆம் ஆண்டு வரை அங்கேயே பணியாற்றினார். மேசை, நாற்காலி, உலோகப் பொருள்கள் முதலிய கைத்தொழில்களுக்கே பெயர் பெற்றிருந்த பள்ளியில் ஓவியமும் சிற்பமும் தலைதூக்கின. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கே.சி.எஸ். பணிக்கரும், சிற்பி தனபாலும் அவரிடம் பயின்றவர்கள். 1957இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபோது பணிக்கரே அப்பதவியில் அமர்ந்தார். ஆசானின் நாற்காலியில் மாணவர் அமர்வதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறென்ன பெருமை வேண்டும்!

அவரை நாடிப் பட்டங்களும் வந்தன. 1937இல் ஆங்கில அரசு எம்.பி.இ. பட்டம் அளித்தது. 1954இல் புதுதில்லியில் லலித் கலா அகாதமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார். 1958இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஆனால் இவையெல்லாம் புத்தகத்தில் இருப்பவை. அவர் யாரை நினைத்துச் சிலை செய்தார் என்பதே எங்கள் நெஞ்சைத் தொட்டது.

அவர் படைத்த சிற்பங்கள்

பழங்காலத்தில் மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைத்தார்கள். ராய் சௌத்ரியும் பெரிய மனிதர்கள் பலரின் உருவத்தைச் செய்ததுண்டு. ஆயினும் அவருடைய சிறந்த படைப்புகளில் இடம் பெற்றவர்கள், எவருக்குக் கதவு அடைக்கப்பட்டதோ, எவர் பசித்துக் கிடந்தாரோ, எவர் பாறை சுமந்தாரோ அவர்களே.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோவிலுக்குள் செல்ல முடியாதிருந்த நிலை 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் மாறியது. அந்நிகழ்ச்சியை அவர் புடைப்புச் சிற்பமாக வடித்தார். வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே நுழையும் நாள் எத்தகையது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். இதைப் படித்தபோது எங்கள் தோழி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. கதவு திறந்திருந்தும் வாசலில் நான்கு படி இருந்தால் அதுவும் தனக்கு அடைத்த கதவுதான் என்று பிறகு மெல்லச் சொன்னாள். நாங்களும் மௌனமானோம்.

பட்டினியால் வாடியவர்களின் உருவத்தை 1952இல் அவர் வெண்கலத்தில் வடித்தார். விலா எலும்புகள் தெரிய மெலிந்த அவ்வுடல்கள் 1943ஆம் ஆண்டு வங்கத்துப் பஞ்சத்தை நினைவூட்டுகின்றன.

பாட்னா நகரில் தலைமைச் செயலகத்தின் எதிரே உள்ள தியாகிகள் நினைவுச் சின்னமும் அவருடையதே. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது செயலகத்தில் தேசியக் கொடி ஏற்றச் சென்ற ஏழு மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர். அவர்களுள் பள்ளி மாணவர்களும் இருந்தனர். முன்னே செல்பவன் கையில் கொடி இருக்கிறது. பின்னே சிலர் சாய்கின்றனர். ஆயினும் கொடி சாயவில்லை. 1956இல் இச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. ஏறக்குறைய எங்கள் வயதினருக்கு வைத்த சிலை என்பதால் இதன் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்தோம்.

சென்னை மெரினாவில் அவர் கைவண்ணத்தில் இரு பெரும் சிலைகள் உள்ளன. ஒன்று காந்தியடிகள் நடந்து வரும் சிலை. மற்றொன்று உழைப்பாளர் சிலை. இரண்டும் 1959ஆம் ஆண்டு காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நிறுவப்பட்டவை.

உழைப்பாளர் சிலையைச் சினிமாவிலும் செய்தித்தாளிலும் பார்த்திராதவர் இருக்க முடியாது. நான்கு தொழிலாளர்கள் ஒரு பெரும் பாறையை நகர்த்தப் பாடுபடுகிறார்கள். மேனியில் அரைத்துணி தவிர வேறில்லை. யாருடைய முகத்திலும் வெற்றிக் களிப்பு இல்லை. பாறை இன்னும் நகர்ந்து முடியவில்லை. ஆனால் அது நகரத்தான் போகிறது என்பதை அவர்களுடைய முதுகும் தோளும் சொல்கின்றன. இச்சிலைக்கு மாதிரியாக நின்றவர்களுள் கலைப் பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரும், ஒரு மாணவரும் உண்டாம். ஊரறியாத ஒரு காவலாளியின் உடல் இன்று கோடிக்கணக்கான மக்கள் காணும் சிலையாக நிற்கிறது. இதே கடற்கரைப் பகுதியில்தான் 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தின விழாவை நடத்தினார் என்பதும் நினைவிற்குரியது. இதே சிற்பத்தின் மற்றொரு வார்ப்பு புதுதில்லியில் தேசிய நவீன கலைக்கூடத்தின் தோட்டத்தில் இருக்கிறது.

இத்தகைய வெண்கலச் சிலை எவ்வாறு உருவாகிறது என்பதையும் தெரிந்துகொண்டோம். முதலில் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு போன்ற சட்டம் கட்டி, அதன்மேல் களிமண்ணை அப்பி உருவம் வனைவார்கள். அதற்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு அச்செடுப்பார்கள். அந்த அச்சின் துணையோடு பட்டறையில் வெண்கலத்தை உருக்கி வார்ப்பார்கள். நம் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் மெழுகால் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். முறைகள் சற்று வேறானாலும் மென்மையான ஒன்றில் பிறந்து கடினமான ஒன்றில் நிலைப்பதே இரண்டிற்கும் பொது.

அவருடைய கடைசிப் பெரும் பணி அந்த ரூபாய்த் தாளில் கண்ட தண்டி யாத்திரைச் சிற்பத் தொகுதி. காந்தியடிகளும் அவர் பின்னே பத்துப் பேரும் நடக்கும் காட்சி. பதினொரு உருவங்கள் உள்ளதால் அதை இந்தியில் கியாரா மூர்த்தி என்பர். அது முழுமை பெற்று நிற்பதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். 1982இல்தான் அத்தொகுதி புதுதில்லியில் நிறுவப்பட்டது. சிற்பி நின்றுவிட்டாலும் அவர் செய்த உருவங்கள் நடந்துகொண்டே இருக்கின்றன.

நாங்கள் வகுத்த திட்டம்

வாழ்க்கை வரலாற்றைப் படித்து முடித்தாயிற்று. இனி நேரில் பார்க்க வேண்டும். காலையில் மெரினாவில் உழைப்பாளர் சிலை, பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமம் என்று முடிவு செய்தோம். அக்கிராமம் 1966இல் ராய் சௌத்ரியின் மாணவர் பணிக்கர் தம் மாணவர்களோடு சேர்ந்து தொடங்கியது. அவர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள் என்பது வியப்பான செய்தி. அங்கே ஓர் அருங்காட்சியகமும், மர நிழலில் சிற்பங்கள் நிற்கும் தோட்டமும் உள்ளன. ஆசானின் சிலையைக் கடற்கரையிலும், அவர் வழிவந்தவர்களின் சிற்பங்களைத் தோட்டத்திலும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

நாங்கள் உற்சாகமாக ஒரு திட்டம் தீட்டினோம். எந்த இடத்தில் எந்த நால்வர் தோழியை நாற்காலியோடு தூக்குவது, வேனில் யார் ஏற்றுவது, யார் இறக்குவது என்றெல்லாம் அட்டவணை போட்டு அவளிடம் பெருமையோடு நீட்டினோம். அவள் படித்துப் பார்த்துவிட்டு, தான் வரவில்லை என்று கூறிவிட்டாள். நாங்கள் திகைத்துப் போனோம். மூட்டையைப் போல் தூக்கப்படுவதைவிட மூட்டைகளுக்குக் காவல் இருப்பதே மேல் என்று அவள் சொன்னபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. அவளுக்காகத் திட்டம் போட்ட நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் தவறு எங்களுக்கு விளங்கியது. அந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டு, புதிய திட்டத்தை நீயே எழுது, நாங்கள் வேலை செய்கிறோம் என்றோம். இரண்டு நாள் கழித்து அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள்.

அந்த நோட்டில் முதற்பக்கம் முழுவதும் அளவுகள். அவள் நாற்காலியின் அகலம், இருக்கையின் உயரம், வேன் இருக்கையின் உயரம் எல்லாம் இருந்தன. கைகளுக்கு வலுவிருப்பதால் உயரம் ஒத்து வந்தால் அவளே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துவிடுவாள். நாற்காலி 49 சென்டிமீட்டர், பெரிய வேன் அதைவிட மிக உயரம். ஆகவே தரை தாழ்ந்த சிறிய வேன் ஒன்றையும் அமர்த்த வேண்டும். அதன் இருக்கை 62 சென்டிமீட்டர். இடையிலுள்ள 13 சென்டிமீட்டருக்கு, வழுவழுப்பாக இழைத்த பலகை ஒன்று போதும். அவள் தனியே பயணம் செய்யாதபடி நாங்கள் நால்வர் நால்வராக முறை வைத்து அந்த வேனில் செல்வது என்றும் எழுதியிருந்தாள்.

சரிவுப் பலகைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருந்தால் நாற்காலியில் இருப்பவர் தாமே ஏற முடியும் என்பது பொதுவான அளவு. 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் பலகை. எங்கள் ஊர்த் தச்சர் அதை இரண்டு துண்டாக மடக்கும்படி செய்து, கூலி வாங்க மறுத்துவிட்டார். அதே கணக்கில் ராஜகிரி உச்சிக்குப் பாதை போட்டால் 2880 மீட்டர், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளம் வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டிச் சிரித்தாள். கணித டீச்சர் அவளுக்கு ஒரு பேனா பரிசளித்தார்கள்.

இரண்டாம் பக்கத்தில் கேள்விகள். வண்டி எங்கே நிற்கும்? அங்கிருந்து சிலை வரை எத்தனை படி? தரை மண்ணா, கல்லா, சிமெண்டா? நாற்காலி நுழையும் கழிப்பறை எங்கே? நிழல் எங்கே? குடிதண்ணீர் எங்கே? இவற்றுள் கழிப்பறையே முதன்மையானது. போன சுற்றுலாக்களில் அவள் காலை முதல் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆசிரியை இக்கேள்விகளைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டு விடைகளை எழுதிக் கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2016இல் இயற்றப்பட்ட சட்டம் பொது இடங்கள் எல்லோரும் புழங்கும்படி அமைய வேண்டும் என்று கூறுகிறது என்பதையும் சொன்னார்கள். ஆகவே இவ்வாறு கேட்பது சலுகைக்குக் கெஞ்சுவது ஆகாது என்பதை உணர்ந்தோம்.

ஒரு மாலை புதுவைக்குச் சென்று ஒத்திகை பார்த்தோம். மாலையில் வாகனங்கள் விடப்படாத அந்தக் கடற்கரைச் சாலையில் அவள் நாற்காலி தடையின்றி உருண்டது. அங்கே காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் நம் செஞ்சியிலிருந்து கொண்டு போனவை. சொந்த ஊர்த் தூணை வேற்றூரில் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்த பெருமை அவளுக்குக் கிடைத்தது.

சிலையின் முன்னே

பொங்கல் விடுமுறைக்குப் பின் வந்த ஒரு சனிக்கிழமை, விடியற்காலை நான்கு மணிக்குச் செஞ்சியிலிருந்து புறப்பட்டோம். திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் மெரினாவை அடைந்தோம். பலகையின் உதவியால் தோழி தானே வேனிலிருந்து நாற்காலிக்கு நகர்ந்தாள். ஓரிடத்தில் நடைபாதை விளிம்பு நாங்கள் எதிர்பார்த்ததைவிட உயரமாக இருந்தது. நால்வர் உடனே கை நீட்டிவிட்டுச் சட்டென்று நின்றுகொண்டோம். எப்படி உதவலாம் என்று கேட்டோம். பலகையை விரித்துவிட்டு, பின்னால் ஒருத்தி மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்படி அவள் கூறினாள். அவ்வாறே ஏறினாள்.

உழைப்பாளர் சிலை முன் நின்று அவள் வழிகாட்டியாகப் பேசினாள். நாங்கள் அண்ணாந்து முகங்களையும் தோள்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ எங்களைப் பாதங்களைப் பார்க்கச் சொன்னாள். விரல்கள் தரையைப் பற்றியிருப்பதையும், குதிகால் ஊன்றியிருப்பதையும், கெண்டைக்கால் தசை இறுகியிருப்பதையும் காட்டினாள். பாறையை நகர்த்தும் வலிமை தோளில் தொடங்கவில்லை, பாதத்தில் தொடங்குகிறது என்று விளக்கினாள். நடக்கும் எங்களுக்கு எங்கள் கால்களைப் பற்றி நினைவே வருவதில்லை. கால்களை ஒவ்வொரு நாளும் நினைப்பவள் அல்லவா அவள்! அவள் இல்லாமல் வந்திருந்தால் நாங்கள் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பியிருப்போம். அன்று முக்கால் மணி நேரம் நின்றோம். அவ்வழியே சென்ற சிலரும் நின்று அவள் பேச்சைக் கேட்டார்கள்.

பின்னர் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் குறுக்கே கடலை நோக்கிச் செல்லும் மரப்பாதைக்குச் சென்றோம். 263 மீட்டர் நீளமுள்ள இப்பாதை மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, மீண்டும் செப்பனிடப்பட்டது. மணலில் நடந்து வந்த எங்களைவிட விரைவாக அவள் கடல் பக்கம் சென்றுவிட்டாள். எங்கள் பைகளை இம்முறை நாங்களே முறை வைத்துக் காத்தோம்.

நண்பகலில் சோழமண்டலம். மரங்களுக்கு நடுவே கல்லிலும் உலோகத்திலும் ஆன சிற்பங்கள் தரையை ஒட்டி நின்றன. சில எங்கள் இடுப்பளவே இருந்தன. அவை தோழியின் கண்களுக்கு நேராக அமைந்திருந்தன. நாங்கள் குனிந்து பார்த்தோம், அவள் நிமிர்ந்து பார்த்தாள். அருங்காட்சியகத்தில் பணிக்கரும் அவர் தோழர்களும் உருவாக்கிய கலை மரபைக் கண்டோம். வங்கத்திலிருந்து தனி ஆளாக வந்த ஓர் ஆசிரியர் ஊன்றிய விதை, அவர் மாணவரின் காலத்தில் ஒரு தோப்பாகியிருக்கிறது.

இரவு ஒன்பது மணிக்குச் செஞ்சிக்குத் திரும்பியபோது ராஜகிரி இருளில் நின்றது. வழக்கமாகத் தோழி ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போவாள். அன்று அவள் பேச்சு ஓயவே இல்லை. அடுத்த முறை மாமல்லபுரம் செல்ல வேண்டும் என்று நோட்டில் புதிய பக்கம் தொடங்கிவிட்டாள்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அவர் செய்த உழைப்பாளர்கள் இன்றும் அந்தப் பாறையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் ஒருவர் அல்லர், நால்வர் என்பதை நாங்கள் மறவோம். எவருடைய பாதையிலோ கிடக்கும் பாறை நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அது எங்கே கிடக்கிறது என்று அவரையே கேட்டறிந்து, அவரோடு சேர்ந்து தள்ளினால் நிச்சயம் நகரும். அன்புத் தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் பைகளுக்குக் காவல் இருக்கும் தோழி ஒருத்தி இருக்கக்கூடும். அடுத்த சுற்றுலாவுக்கு நாள் குறிக்குமுன் அவளிடம் சென்று முதலில் கேளுங்கள். எங்கள் மடக்குப் பலகை நூலக அறையில் இருக்கிறது. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு மாணவி